பூனை இன்னும் இறங்கவில்லை

காற்றாலையில் ஏறி வேலை பார்ப்பவர்களுக்கு ஆளுக்கொரு பூட்டு உண்டு. சிவப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. கோபுரத்தின் அடியில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் அவரவர் பூட்டை மாட்டிய பிறகுதான் ஏணியில் கால் வைக்க வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அது மாட்டியவரின் கழுத்தில் கிடக்கும். வேலை முடிந்து இறங்கியவர் தன் கையால் தன் பூட்டைத் திறப்பார். மற்றவர் பூட்டை யாரும் தொடுவதில்லை. பூட்டுத் தொங்கினால் ஆள் மேலே இருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தொழிலில் ஆட்களின் உயிரைக் காப்பது இந்த ஒரு நம்பிக்கைதான்.

வரிசையின் முதல் காற்றாலையில் ஒரு பூட்டு மழைக்காலம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு உரியவரை அடக்கம் செய்து மாதங்கள் ஆகிவிட்டன.

அவரைப் பூனை என்று கூப்பிடுவார்கள். ஆள் வாட்டசாட்டமானவர். ஆனால் ஏணியில் அவர் ஏறுவதும் இறங்குவதும் யார் காதுக்கும் கேட்காது. கீழே நிற்பவர் திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். "ஒருநாள் எனக்கு மாரடைப்பு வரப்போகுது அண்ணா, உங்களாலதான்" என்று அவரோடு சேர்ந்து ஏறும் பெண் சொல்வாள். கடைசியில் மாரடைப்பு அவருக்குத்தான் வந்தது.

அந்தப் பெண்ணின் பட்டப்பெயர் கொக்கி. பெல்ட்டின் கொக்கியை மாட்டியபின் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் அடுத்த படி வைக்க மாட்டாள். பெயர் வைத்தவரும் பூனைதான்.

அன்று மேலே, பல்சக்கரப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது, பூனை மெதுவாக உட்கார்ந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. கொக்கி பேசிக்கொண்டே அவரை அவசரக் கயிற்றில் கட்டினாள். உச்சி அறையின் தரையிலிருந்த கதவைத் திறந்து, கோபுரத்துக்கு வெளிப்புறமாக இறக்கினாள். "கயிறெல்லாம் வேணாம் கொக்கி. நான் ஏணியிலயே வந்துடறேன்" என்றார் அவர். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. கழுத்தில் கிடந்த சாவியைக் கைக்கடிகாரத்தோடு சேர்த்து அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். கொக்கி மறுநாள் வந்து தன் பூட்டை மட்டும் திறந்து எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் தொங்கியதைத் தொடவில்லை.

அதிலிருந்து அந்தக் காற்றாலை நின்றபடியே நின்றது. ஓர் இறக்கை வானத்தைப் பார்க்க, மற்ற இரண்டும் கீழே விரிந்திருக்க, கை உயர்த்தி யாரிடமோ "நில்" என்று சொல்வதுபோல் இருந்தது.

ஒரு காலத்தில் அந்த வெளியில் அது ஒன்றுதான் இருந்தது. இதென்ன பொம்மை என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு பக்கத்தில் இரண்டு வந்தன, பிறகு ஒரு வரிசை, பிறகு அடிவானம் வரை வரிசைகள். எதிர்ப்பக்கத்தில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி பகலும் இரவும் கரியைத் துப்பிக்கொண்டிருந்தது. முதல் காற்றாலைக்குப் பின்னால் புதிதாக நட்ட வரிசை தயாராகிவிட்டது. அது ஓடத் தொடங்கினால் புகைபோக்கியை அணைத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. ஆனால் புதிய வரிசையின் கேபிள்களெல்லாம் முதல் கோபுரத்தின் அடியிலிருந்த அந்த மெயின் சுவிட்ச் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதில்தான் பூனையின் பூட்டுத் தொங்கியது.

இறந்தவரின் பூட்டை வெட்டலாம் என்று விதியிலேயே இடமிருந்தது. பொறுப்பில் இருந்த என்ஜினியர் ஒரு மத்தியானம் கையில் கட்டருடன் வந்தார். கொக்கியும் ஜீப் டிரைவரும் கூட வந்தார்கள். டிரைவர் வண்டியைத் தள்ளியே நிறுத்தினார்.

"ஏன்யா அங்கேயே நிறுத்திட்டே? பக்கத்துல வந்தா என்ன?"

"வண்டிக்கு நிழல் ஆகாது சார்."

கோபுரத்துக்குள் வெளிச்சம் குறைவு. கிரீஸ் வாசனையும் கிணற்றுக்குள் இருப்பதுபோன்ற குளிர்ச்சியும் இருந்தன. சுவரோடு ஒட்டிய ஏணி மேலே போகப்போகச் சிறுத்து இருட்டுக்குள் மறைந்தது. வெளியே மற்ற காற்றாலைகளின் இறக்கைகள் காற்றை வெட்டும் ஓசை ஓயாமல் கேட்டது. இதற்குள் மட்டும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அமைதி.

என்ஜினியர் கட்டரின் வாயைப் பூட்டின் வளையத்தில் பொருத்தினார்.

டங். டங். டங்.

மேலிருந்துதான் வந்தது. இரும்பின்மேல் இரும்பு. நிதானமான மூன்று தட்டுகள். ஏணி வழியாக இறங்கி வந்து அவர்கள் கால்களுக்கடியில் நின்றது ஓசை.

டிரைவர் வாசலுக்கு வெளியே போய்விட்டிருந்தார். என்ஜினியரின் கை கட்டரோடு அப்படியே இருந்தது.

"இரும்பு. வெயில்ல விரியும், நிழல்ல சுருங்கும்" என்றார். "சத்தம் வரத்தான் செய்யும்."

"எண்ணி மூணு தடவை விரியுமா சார்?" என்றார் டிரைவர், வெளியிலிருந்து.

"மேல ஏதாவது பை மாட்டியிருக்கும். காத்துல இடிக்குது."

"பை கீழ வந்துடுச்சு சார். அண்ணன் இடுப்புலயே இருந்தது" என்றாள் கொக்கி. "மேல ஒண்ணும் தொங்கல."

என்ஜினியர் கட்டரைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, "வேர்வைல வழுக்குது" என்று ஒரு காரணம் சொன்னார். "நாளைக்குக் காலைல கண்டிப்பா வெட்டணும். எனக்கு மேல இருந்து உத்தரவு."

"எங்களுக்கும் மேல இருந்துதான் சார் சத்தம் வருது" என்றார் டிரைவர்.

"நீ வாயை மூடு."

"சார், சாவி அண்ணிகிட்ட இருக்கு. நான் கேட்டுப் பாக்கறேன்" என்றாள் கொக்கி.

"எத்தனை தடவை ஆளனுப்பிட்டோம்? தரமாட்டேங்கறாங்களே."

"ஆளனுப்பினீங்க சார். நான் போகலையே."

அது உண்மைதான். அடக்கத்துக்குப் பிறகு கொக்கி அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கயிற்றில் இறக்கிய கை அவளுடையது. அந்தக் கையோடு அந்த வாசலில் போய் நிற்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பூனையின் மனைவி தையல்காரி. காற்றாலை ஆட்கள் கருவிகளைப் போட்டு மேலே இழுக்கும் கெட்டித்துணிப் பைகளெல்லாம் அவள் தைத்தவை. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். ஜன்னலைத் திறந்தால் காற்றாலை வரிசை தெரியும். திறந்த கொஞ்ச நேரத்தில் விளிம்பில் கரித்தூசி படிந்துவிடும். அவளுக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் சற்று நின்று மூச்சு வாங்கித்தான் பேசுவாள்.

"வா கொக்கி. உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், பாத்து."

கொக்கி உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

"சாவிக்குத்தானே வந்தே?"

"ஆமா, அண்ணி."

"நல்லவேளை, சும்மா பாக்க வந்தேன்னு சொல்லல. மூஞ்சி ஏன் இப்படிக் காஞ்சு கிடக்கு? சாப்பிட்டியா இல்லையா?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்த் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கொக்கி சாப்பிட்டு முடிக்கும்வரை சாவியைப் பற்றி இருவரும் பேசவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் துக்கத்தில் இருப்பவரே பசியாற்றும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளைக் கடவுள் தனியாகக் கவனித்துக்கொள்வார் என்பது என் நம்பிக்கை.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு தெருவுல பேசிக்கறாங்க" என்றாள் அவள், துணியை நகர்த்திக்கொண்டே. "அப்படியெல்லாம் இல்ல. அவரைக் குழியில வச்சதைப் பாத்தேன். என் கையாலதான் மண்ணு போட்டேன். ஆனா நீயே சொல்லு. கல்யாணம் ஆன புதுசுல, காத்து பலமா அடிச்சா எனக்கு உயிரே போயிடும். அப்பத்தான் இந்தப் பூட்டு விஷயத்தைச் சொன்னார். 'நான் உள்ள இருந்தா பூட்டு தொங்கும், பூட்டு தொங்கினா அது சுத்தாது, யார் நினைச்சாலும் சுத்த வைக்க முடியாது. நீ ஜன்னல் வழியா நிக்கிற காத்தாடியைப் பாரு. நிக்குதா, நான் பத்திரம்.' அன்னையிலிருந்து அதான் எனக்குத் தெரிஞ்ச பிரார்த்தனை. நிக்குதா, பத்திரம். நிக்குதா, பத்திரம்."

அவள் நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுற்றிலும் எல்லாம் சுழல, அந்த ஒன்று மட்டும் கை உயர்த்தி நின்றது.

"இன்னைக்கும் நிக்குது. அவர் இறங்கலையே, கொக்கி. இறங்கியிருந்தா பூட்டைத் திறந்திருப்பாரே. இப்ப அதை வெட்டிட்டு ஓட்டுவீங்களாம். ஆள் உள்ள இருக்கும்போதே ஓட்டுவீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் அவளுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். கொக்கியால் முடியவில்லை. அவள் கேட்டதைத்தான் கொக்கியும் எத்தனையோ நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பயப்படக் கூடாது."

"இனிமே எதுக்குப் பயம்?"

"அண்ணன் தட்டறார்."

மெஷினின் சக்கரம் நின்றது.

"ஏணியில தட்டறார். நான் கேட்டேன். டிரைவர் கேட்டிருக்கான். இன்னைக்கு என்ஜினியரும் கேட்டார், ஒத்துக்கலை."

"எத்தனை தட்டு?"

"மூணு."

தையல்காரி அழவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். கணவனின் செருப்புச் சத்தத்தை அடையாளம் கண்டவள்போல இருந்தது. "வீட்டுக்கு வந்தாலும் கதவை மூணு தட்டுத்தான் தட்டுவார். மூணு தட்டினா உங்க வேலையில என்ன அர்த்தம்?"

"சத்தமில்லாம வந்து எங்களைப் பயமுறுத்தறார்னு நாங்கதான் அவருக்கு அந்த விதியைப் போட்டோம். அப்புறம் எல்லாருமே அப்படிச் செய்ய ஆரம்பிச்சுட்டோம். மேல இருக்கறவர் இறங்கறதுக்கு முன்னாடி ஏணியில மூணு தட்டு தட்டுவார். இறங்கட்டுமான்னு கேக்கற மாதிரி. கீழ இருக்கறவங்க ஏணியை விட்டு விலகி நிக்கணும். மேலிருந்து ஏதாவது விழுந்தா மண்டையில விழக்கூடாதில்லையா? விலகி நின்னுட்டு, பதிலுக்கு ஒரு தட்டு தட்டணும். வழி விட்டாச்சு, வாங்கன்னு அர்த்தம். அந்த ஒரு தட்டு கேட்டாத்தான் மேல இருக்கறவர் ஏணியில கால் வைப்பார்."

"கேக்கலைன்னா?"

"வைக்க மாட்டார். எவ்வளவு நேரம் ஆனாலும் அங்கேயே..."

கொக்கி நிறுத்திவிட்டாள்.

தையல்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தட்டினீங்களா? யாராவது ஒருத்தர்?"

கொக்கியின் கண்கள் நிறைந்துவிட்டன. "இல்ல, அண்ணி. ஓடிட்டோம். ஒவ்வொரு தடவையும் ஓடிட்டோம்."

பிறகு தையல்காரி எழுந்து வந்து, ஆடுகிற அந்த ஸ்டூலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கொக்கியின் தலையில் வைத்தாள்.

"அழாதே. அவர் கோவிச்சுக்க மாட்டார். பொறுமைக்காரர். சாப்பாட்டுக்கு உக்காந்தாக்கூட நான் வந்து உக்கார்ற வரைக்கும் தட்டைத் தொடமாட்டார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு நான் வரேன். வெட்ட வேணாம்னு சொல்லு."

கிளம்பும்முன் கொக்கி ஓர் ஈரத்துணியை எடுத்து ஜன்னல் விளிம்பின் கரியைத் துடைத்தாள். மெஷின்மேல் வெள்ளைத் துணி ஒன்று மடித்தபடி இருந்தது.

"அது என்ன அண்ணி, தைக்காம வச்சிருக்கீங்க?"

"அவர் வாங்கிக் கொடுத்தது. புகைபோக்கி நிக்கற அன்னைக்குத் திரை தைச்சு ஜன்னல்ல மாட்டலாம்னார். இப்ப மாட்டினா சாயங்காலத்துக்குள்ள கறுத்துடும்."

வாசல்வரை வந்து வழியனுப்பியவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை. தெருவில் நடந்துபோன கொக்கிக்கு அது ஏன் என்று புரிந்தது. அந்தக் கதவு இத்தனை நாளும் தாழில்லாமல்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை காற்று எழும்பியிருந்தது. என்ஜினியர் கட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். கொக்கி விஷயத்தைச் சொன்னபோது அவர் மறுப்பார் என்றுதான் டிரைவர் நினைத்தார். அவர் மறுக்கவில்லை. நேற்று ராத்திரி அவரும் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஹெல்மெட் இல்லாம உள்ள விடமுடியாது" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் தலையிலிருந்ததைக் கழற்றி, உள்பட்டியைச் சிறிதாக்கி, தையல்காரியிடம் நீட்டினார். "தாடைக்குக் கீழ மாட்டிக்குங்கம்மா. இறுக்கமா இருந்தா சொல்லுங்க."

"உங்களுக்கு?"

"நான் ஓரமா நிக்கறேன்."

நால்வரும் உள்ளே போனார்கள். டிரைவரும் வந்தார், வாசல்பக்கம் ஒரு காலை வைத்தபடி. தையல்காரி முதல்முறையாக அந்த இடத்தைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். அதன் வளையத்தில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. பக்கத்து ஆணியில் பூனையின் பழைய கையுறைகள் மாட்டியிருந்தன. அவற்றின் விரல்கள் இன்னும் ஏணிக் கம்பியைப் பிடித்தவாறே வளைந்திருந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை. கண்ணை மூடி உதடு அசையாமல் ஏதோ வேண்டிக்கொண்டாள்.

காத்திருந்தார்கள். வெளியே மற்ற இறக்கைகள் ஓசையிட்டன. கோபுரம் காற்றில் லேசாக முனகியது.

"இன்னைக்கு லீவு போலிருக்கு" என்று முணுமுணுத்தார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

டங். டங். டங்.

டிரைவர் ஓடவில்லை. அவரது சட்டைக் கையைப் பிடித்து, ஏணிக்கு நேர் கீழிருந்து ஓரமாக நகர்த்தினார் என்ஜினியர். தானும் நகர்ந்தார். நேற்று இரும்பு விரிகிறது என்று சொன்னவர், மேலிருந்து ஓர் ஆள் இறங்கும்போது எப்படி விலகி நிற்க வேண்டுமோ அப்படி விலகி நின்றார்.

கொக்கி ஒரு ஸ்பேனரை எடுத்துத் தையல்காரியின் கையில் கொடுத்தாள். "பலமா ஒண்ணு, அண்ணி. மேல வரைக்கும் கேக்கணும்."

அவள் ஏணிக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த ஓசை ஏணியில் ஏறிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"வாங்க" என்றாள் அவள், அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில். "வழி விட்டாச்சு. பாத்து, மெதுவா வாங்க."

ஓர் ஆள் நிதானமாக இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார்கள். காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. இறங்குகிறவர் பூனை.

ஏணியின் நடுவே ஒரு பாதுகாப்புக் கம்பி மேலிருந்து கீழ்வரை ஓடும். ஏறுபவர் தன் கொக்கியை அதில்தான் மாட்டுவார். கொக்கி தன்னையறியாமல் அந்தக் கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். மேலே ஒருவர் அதில் மாட்டிக்கொண்டால் கீழே இருக்கும் கைக்கு ஒரு துடிப்பு வரும். அவள் கைக்கு அந்தத் துடிப்பு வந்தது. மெல்லியதாகத் தொடங்கி, சற்று நின்று, மீண்டும் வந்து, ஒவ்வொரு படியாக நெருங்கியது. நடுவில் ஒருதரம் கம்பி சுண்டியது. யாரோ தன் பெல்ட்டின் கொக்கியை இழுத்துச் சரிபார்த்ததுபோல. பூனை அப்படிச் செய்ததே இல்லை. அதற்காக அவளைக் கேலி செய்தவர் அவர். கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எடுக்கவில்லை. துடிப்பு அவள் தோள் உயரத்துக்கு வந்து, இடுப்பு உயரத்துக்கு வந்து, அடங்கியது. கம்பி வெறும் கம்பியாகிவிட்டது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

தையல்காரி முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்தாள். துருவினால் பூட்டு ஒருதரம் முரண்டு பிடித்தது. அப்புறம் திறந்துகொண்டது. அவள் அதைக் கழற்றித் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நான் வச்சுக்கலாமா சார்?"

"இறங்கினவர் தன் பூட்டை எடுத்துட்டுத்தாம்மா போவார்" என்றார் என்ஜினியர். "அதுதான் விதி." மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்தவர் சற்றுத் தயங்கி, கொக்கியின் பக்கம் திரும்பினார். "உள்ள யாரும் இல்லையே?"

அது ஒவ்வொரு முறையும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அவர் அதை வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்கவில்லை.

"யாரும் இல்ல சார். எல்லாரும் இறங்கியாச்சு."

என்ஜினியர் சுவிட்சைப் போட்டதும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மாதக்கணக்கில் உயர்ந்திருந்த அந்தக் கை மெல்லச் சாய்ந்தது. இரண்டாவது இறக்கை மேலே வந்தது. மூன்றாவது வந்தது. பின்னால் புதிய வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கைகள் அசையத் தொடங்கின. தையல்காரி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இனி அவளுக்கு ஜன்னல் வழியாகச் சொல்ல வேறு பிரார்த்தனை வேண்டும்.

"வண்டியில கொண்டுபோய் விடறேன்மா" என்றார் டிரைவர். இம்முறை ஜீப் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

"வேணாம் தம்பி. நடந்தே போறோம்."

போறோம் என்றதை மூவரும் கேட்டார்கள். யாரும் திருத்தவில்லை.

அவள் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதையின் ஒரு பக்கமாக, மறுபக்கத்தில் இடம் விட்டு நடந்தாள். கம்பிவேலியின் கதவை அடைந்ததும் அதைத் திறந்து தான் வெளியே போனாள். போனபின்பும் கதவைப் பிடித்தபடி, ஒருவர் கடந்துபோகும் நேரம் நின்றாள். பின்னால் ஜீப்பை நோக்கி நடந்துகொண்டிருந்த என்ஜினியரும் அப்படியே நின்றுவிட்டார். அவள் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டிய பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.